இரண்டு இரவு, மூன்று பகல்

வெள்ளி மாலை ரயிலில் இறங்கி
ஞாயிறு மாலை ரயில் பிடிப்பவர்களுக்கு
என் ஊரை அளந்து கிழித்துத் தருவது என் பிழைப்பு.
திரியெஸ்தே ஒன்றும் பெரிய ஊரில்லை.
ஒரு பக்கம் கடல், மறுபக்கம் மேடு,
நடுவில் காப்பி வாசனை.
ஆனாலும் ஒரே துண்டை
இரண்டு பேருக்கு நான் விற்றதில்லை.

கிராட்ஸ் நகரத்து வோல்ஃப்ஹார்ட், ஓய்வுபெற்ற ரயில்வே அதிகாரி,
நிமிடக் கணக்குக் கேட்டார்.
எழுதினேன்:
ஒன்பதேகால், கோட்டை.
பத்தே முக்கால், ரோமானியர் அரங்கு.
பதினொன்றரை, சும்மா இருத்தல், பத்து நிமிடம்.
கடைசி வரியைச் சிவப்பு மையால் அடித்து
மறுநாளே திருப்பி அனுப்பினார்.
"இது எந்த இடம்? வரைபடத்தில் இல்லையே."

ஃபெராரா பாடகர் குழு: ஏழு பெண்கள்,
அவர்களுக்குள் நான்கு செயற்கை மூட்டு.
மேட்டின் பேரையே நான் எடுக்கவில்லை.
மூன்று காப்பிக் கடைகள், மூன்றும் சமதரையில்.
இங்கே கப்புச்சீனோ கேட்டால்
சுண்டுவிரல் உயரக் கோப்பையில் வரும்,
சண்டை போடாதீர்கள் என்று அடியில் குறித்தேன்.
போட்டார்களாம். ஆனந்தமாக இருந்ததாம்.

ப்ர்னோ குடும்பம், மூன்று பையன்கள்.
அப்பா கேட்டது அரண்மனை. அம்மா கேட்டது தூக்கம்.
கடலுக்குள் இருநூறு மீட்டருக்கு மேல் நீளும்
கல்பாலம் ஒன்றுண்டு, கைப்பிடி கிடையாது.
அங்கே அப்பாவை அனுப்பினேன்,
மூன்று பையன்களுக்கு இரண்டே கையோடு.
அம்மாவுக்குத் திரை இழுத்த அறை, மதியம் இரண்டு வரை.
ஊரைப் பற்றி ஒரு குறையும் சொல்லாதவள்
அவள் ஒருத்திதான்.
பார்க்கவே இல்லையே.

கோசித்ஸெவிலிருந்து லியோன்தீனா. கண் தெரியாது.
தொலைபேசியில் திட்டத்தைப் படித்துக் காட்டியபோது
தலைப்பைத் தாண்டிப் போனேன்.
"தலைப்பு கிடையாதா?" என்றாள்.
"பார்க்க வேண்டியவை" என்றேன், கூசிக்கொண்டே.
"இருக்கட்டும். அந்தச் சொல்லை நானும்தான் தினம் புழங்குகிறேன்."
காப்பி வறுக்கும் ஆலை, மரக்கிடங்கு,
வலை காயும் படித்துறை,
பிறகு போரா காற்று திரும்பும் தெருமூலை.
அங்கே பெயர்ப்பலகை வேண்டாம்,
காற்றே சட்டையைப் பிடித்து நிறுத்தும்.

மாரிபோரிலிருந்து ஸ்தென்காவும் ரோக்கும்.
ஒரே அறை, இரண்டு கடிதம்.
அவள்: மூன்று மணி நேரம் என்னைத் தனியாக விடுங்கள்,
அவருக்குத் தெரியாமல், தற்செயல் போல.
அவன்: அதேதான்,
ஒரு மணி நேரம் பிந்தி எழுதியது.

இதற்கென்றே எங்கள் ஊரில் ஒரு கடற்குளியல் இடம் உண்டு.
கரையிலிருந்து நீர்வரை ஓடும் வெள்ளைச் சுவர்,
இந்தப் பக்கம் ஆண்கள், அந்தப் பக்கம் பெண்கள்.
நூறு வருஷத்துக்கு மேல்
இடிக்க விடாமல் வைத்திருக்கிறோம்.
சனிக்கிழமை, பன்னிரண்டிலிருந்து மூன்று.
காரணம் கேட்டால் ஊர் வழக்கம் என்று வாசலில் சொல்வார்கள்.

ஒன்றரைக்குள் சுவருக்கு மேலே குரல் கேட்டதாம்:
"என் கண்ணாடி உன் பையிலா?"
"சாப்பிட்டாயா?"
பிறகு ஒரு பீச் பழம் பறந்து வந்து
யாரோ ஒருத்தியின் தொப்பியில் விழுந்ததாம்.
"மூன்று மணி அதிகம்" என்று அவன் எழுதினான்.
"போதவில்லை" என்று அவள்.
பணத்தை இருவருமே தனித்தனியாக அனுப்பியிருந்தார்கள்.
ஒன்றைத் திருப்பினேன். எதை என்று சொல்ல மாட்டேன்.

நவம்பரில் மறுபடி கிராட்ஸ் கடிதம்.
அட்டவணை முழுக்க நிறைவேறியது,
நாலு நிமிடம் மிச்சம் என்று பெருமையாக ஆரம்பித்து,
கடைசியில் பென்சிலால், சின்ன எழுத்தில்:
"அந்தப் பதினொன்றரை இன்னும் காலியாக இருக்கிறதா?"

பதில் எழுதினேன்.
பழைய மீன்சந்தைக்கு எதிரே, துறை விளிம்பில்,
கப்பல் கயிறு கட்டும் இரும்புக் குமிழ்கள்.
இடமிருந்து நான்காவது.
மற்றதில் எல்லாம் கடற்காகம் உட்காரும்.
இரும்பு சில்லென்றிருக்கும்,
செய்தித்தாள் கொண்டு வரவும்.
படிக்க அல்ல.