ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டிய தாள்

லியோன்,
ஆறே முக்கால் பஸ்ஸுக்குக் கிளம்புகிறேன்.
எழுப்பவில்லை.
அப்பனும் மகளும் ஒரே மாதிரி
வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறீர்கள்.

பால் உள்தட்டில் இருக்கிறது, கதவில் இல்லை.
கதவை நீ நூறு தடவை திறப்பாய்.
மூன்று டப்பா. மூடிமேல் நேரம் எழுதியிருக்கிறேன்,
பழையதை முதலில் எடு.
அடுப்பில் வைக்காதே.
வெந்நீர்க் கிண்ணத்தில் டப்பாவை நிற்க வை,
மணிக்கட்டின் உள்பக்கம் ஒரு சொட்டு விட்டுப் பார்.
சுடவும் கூடாது, சில்லிடவும் கூடாது.
பாலாடையில் கொடு, தலையைத் தூக்கிப் பிடித்து.
விழுங்கட்டும். அப்புறம் அடுத்த வாய்.
மிச்சம் வைத்தால் கொட்டிவிடு.
அதைப் பிழிய எனக்கு எவ்வளவு நேரம் ஆனதென்று
கணக்குப் பார்க்காதே. கொட்டிவிடு.

தண்ணீர் வேண்டாம்.
கத்திரி வெயில்தான், தெரியும்.
கீழ்வீட்டு ஸ்டெல்லா அக்கா மூச்சிரைக்க மாடியேறி வந்து
நாக்கு வறண்டிருக்கே என்பார், தேன் தடவச் சொல்வார்.
சிரி. காபி போட்டுக் கொடு.
தேன் பாட்டிலை நான் ஒளித்து வைத்துவிட்டேன்.

மல்லாக்கப் படுக்க வை.
உன் அக்கா காரைக்காலிலிருந்து தைத்து அனுப்பிய
கடுகுத் தலையணை அழகுதான், பீரோவிலேயே இருக்கட்டும்.
நேற்றுவரை நைட் ஷிஃப்ட் பார்த்த உடம்பு உன்னுடையது.
மார்பில் போட்டுக்கொண்டு சோபாவில் சாயாதே.
கண் சொருகினால் அவளை முதலில் தொட்டிலில் விடு.

மூத்திரத் துணியை எண்ணிக்கொண்டே வா.
ஆறு நனைந்தால் பயமில்லை.
உடம்பு சுட்டால் தெர்மாமீட்டர், கைக்கணக்கு வேண்டாம்.
நூறைத் தாண்டினால் எனக்கு போன்.
நான் எடுக்காவிட்டால் காத்திருக்காதே, ஆட்டோ பிடி.

இன்னொன்று.
எல்லாம் செய்தும் அழுவாள்.
பசி இல்லை, ஈரம் இல்லை, எறும்பு இல்லை, அழுவாள்.
உன் கை இறுகுவது உனக்கே தெரியும்.
அப்போது குலுக்காதே.
தொட்டிலில் விட்டு, கதவைச் சாத்தி,
பால்கனிக்குப் போய்
மணிக்கூண்டைப் பார்த்துக்கொண்டு நூறு வரை எண்ணு.
அழுது குழந்தை செத்ததில்லை என்று
டாக்டரம்மாவே சொன்னார்.

நான் எண்ணியிருக்கிறேன், மாசி மாதம் ஒருநாள்.
உன்னிடம் சொல்லவில்லை.
அறுபத்தேழில் அழுகை நின்றுவிட்டது.
நான் நூறு முடித்துத்தான் உள்ளே போனேன்.

*

மஞ்சக்குப்பம் கிளை.
கண்ணாடிப் பெட்டிக்குள் தராசு,
மூச்சுக் காற்றுக்கே முள் நடுங்கும்.
யாரோ ஒருத்தியின் தோடு, மூன்று கிராம் இருநூறு.
யாரோ ஒருத்தியின் தாலிக்குண்டு.
எழுதினேன், கையெழுத்து வாங்கினேன்.
பூச்சி போன வியாழன் ஆறு கிலோ நூறு.
பதினொன்றரைக்கு மார்பு கல்லானது.
லாக்கர் அறையில், ஸ்டூலில், சுவரைப் பார்த்து உட்கார்ந்து
பிழிந்து மூடினேன், ஐஸ் பையில் வைத்தேன்.
வீட்டுக்கு போன் செய்யவில்லை.
செய்தால் தூங்குபவள் எழுந்துவிடுவாள்,
அல்லது நான் கிளம்பிவிடுவேன்.

சாயங்கால பஸ்ஸில்
கிருமாம்பாக்கம் தாண்டும்போது
பின்சீட்டில் எவர் பிள்ளையோ வீறிட்டது.
என் ரவிக்கை நனைந்தது.
துப்பட்டாவை இழுத்து விட்டுக்கொண்டு
அரியாங்குப்பம் பாலம்வரை
ஜன்னலையே பார்த்தேன்.

*

தாள் அதே இடத்தில் இருந்தது.
விளிம்பெல்லாம் பென்சில், அவன் கோழிக்கிறுக்கல்:

9.10 முழுசும் குடித்தாள்.
12.40 பாதி. கொட்டினேன். மனசே வரலை.
ஸ்டெல்லா அக்காவுக்கு ரெண்டு காபி.
துணி ஏழு.
2.15 எண்ணினேன். நூறு பத்தலை. மறுபடி ஒண்ணிலிருந்து.
3.00 மிக்சி ஓடினா அழுகை நிக்குது, ஏன்னு தெரியலை.
மூணு தடவை அரைச்சேன்.

ராத்திரி தோசைக்குத்
தேங்காய், புதினா, வேர்க்கடலை.
தட்டில் எல்லாவற்றையும் நிரப்பிவிட்டு
அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை.
நான் புதினாவை இரண்டாம் முறை போட்டுக்கொண்டேன்.
உப்புப் போட மறந்திருந்தான்.