மின்விசிறி போடாத அறை

பாலக்கோடு. தக்காளி மண்டிக்கு மேலே மாடி அறை.
தரை முழுக்கத் துண்டுச் சீட்டுகள்.
விசிறியைப் போட்டால் பறந்துவிடும்; மூன்று நாளாக
வியர்வையில்தான் ஆராய்ச்சி.

காசநோய் மருந்தைப் பாதியில் ஏன் நிறுத்துகிறார்கள்?
பதினோரு பேர் பதினோரு ஊரில் கேட்டு எழுதியவை.
முதல் நாள் எண்ணினேன்:
'தூரம்' எட்டுக் கட்டுரையில், 'வெட்கம்' ஐந்தில்.
கூட எழுதும் நசீமா போனில் சிரித்தாள்:
"வார்டு தேர்தலா நடத்துற? ஓட்டு எண்ணாதே."

கீழே தரம் பிரிக்கிறார்கள்:
காய், செங்காய், பழம், அடிபட்டது.
ஒரு பழம் ஒரு கூடையில்தான் விழும்.
என் சீட்டுகளுக்கு அந்த ஒழுக்கம் இல்லை.

ஏழாம் கட்டுரையில் பெயர் மாற்றப்பட்ட ஒரு பெண்:
"மாத்திரை கசக்கலங்க.
அத வாங்க நிக்கறேன் பாருங்க, அதுதான் கசக்குது."
எழுதியவர் இதைச் 'சேவைக் குறைபாடு' என்று அடைத்திருந்தார்.
வரிசை நீளம் என்று நினைத்திருப்பார்.
நானும் அங்கேயே வைத்திருந்தேன், இரண்டு நாள்.

நேற்று ராத்திரி நான்காவதைத் திரும்பப் படித்தேன்.
ஆஸ்பத்திரிக்கு எதிர்வீட்டுக்காரர்
இரண்டு பஸ் மாறி வேறு ஊரில் போய் வாங்குகிறார்.
அவர் சொன்னதை அவள் வாயில் வைத்துப் பார்த்தேன்,
அவள் சொன்னதை அவர் வாயில்.
இரண்டும் உட்கார்ந்தன.

பென்சிலால் எழுதினேன்:
தூரத்துக்குப் பஸ் காசு, பக்கத்துக்கு முகம்,
ஏதாவது ஒன்றைக் கொடுக்காமல்
எந்த ஊரிலும் மருந்து கிடைப்பதில்லை.

பதினொன்றில் எதிலும் இல்லாத வாக்கியம்.
பதினொன்றும் இல்லாமல் வந்திருக்காது.
"அப்போ இத யாரு சொன்னது?" என்றாள் நசீமா.
தெரியவில்லை.
ஒவ்வொரு சொல்லுக்கும் கீழே
எந்தக் கட்டுரை, எந்தப் பக்கம் என்று குறித்துக்கொண்டே போனேன்.
'முகம்' என்பதற்கு மூன்று பேர் சாட்சி.
'எந்த ஊரிலும்' என்பதற்கு ஒருவருமில்லை.
அடித்தேன்.

ஒன்பதாம் கட்டுரையின் லாரி டிரைவர் மட்டும்
எதிலும் ஏறமாட்டேன் என்கிறார்:
"உடம்பு நல்லாயிடுச்சு, நிறுத்திட்டேன். அவ்ளோதான்."
வெட்கமில்லை, தூரமில்லை.
ஒரு மணி நேரம் அவரை இழுத்துப் பார்த்தேன்.
'உள்ளுக்குள் பயந்திருப்பாரோ' என்றுகூட எழுதினேன்.
அவர் அப்படிச் சொல்லவில்லை.
அதையும் அடித்தேன்.
அவருக்குத் தனிப் பத்தி.

விடிகாலை நாலரை. முதல் லாரி பின்னால் வருகிறது,
ஜன்னல் அதிர்கிறது.
சீட்டுகளைக் கிளிப்பில் அடக்கிவிட்டு
விசிறியைப் போட்டேன்.
டிரைவரை எந்தக் கிளிப்பிலும் மாட்டவில்லை,
சட்டைப் பையில் இருக்கிறார்.