தரை தொடாத நகம்

மோட்டார் என்று பெயர் வைத்தது என் மகன்.
இரவெல்லாம் உறுமும்,
விடிந்து பார்த்தால் ஒன்றும் இறைத்திருக்காது.

ஞாயிறு மாலை
மூன்று காலில் வந்தது.
கொல்லைப் படியிலிருந்து அடுப்படி வரை
சிமெண்டுத் தரையில் சொட்டுச் சொட்டாய்.
ஐப்பசிச் சேறுதானே என்று
ஈரத் துணியால் துடைத்தேன்.
துணி சிவந்தது.

முன்னங்கால், உள்பக்கம்.
மற்ற நான்கும் நடக்கையில்
மேலே சும்மா இருக்குமே, அந்த ஐந்தாவது.
பாதி பிளந்து பக்கவாட்டில் தொங்கிற்று,
பிளவில் நீல நைலான் இழை ஒன்று.

நீல வலை
இந்தத் தெருவில் ஒருவர் நாற்றங்காலுக்குத்தான் உண்டு.

கோட்டூர் மாட்டு டாக்டர் போனில் சொன்னார்:
"பாலத்து மேல தண்ணி போவுது, இன்னிக்கு வராதீங்க.
தொங்குறத வெட்டிடுங்க. ரத்தம் நிக்கலன்னா
மைதா வச்சு அழுத்துங்க.
ஆனா ஒத்த ஆளா செய்யாதீங்க.
ஒருத்தர் பிடிக்கணும், ஒருத்தர் வெட்டணும்."

மகன் திருப்பூரில்.
கணவர் படத்தில்.
மேலண்டை வீட்டில் பூட்டு.
கீழண்டை வீட்டில் பக்கிரிசாமி.

ஒன்றே முக்கால் அடி வரப்பு.
ஆறு வருஷம்.
மன்னார்குடி கோர்ட்டில் அவர் வாதி, நான் பிரதிவாதி.
மதகடியில் எதிரெதிரே வந்துவிட்டால்
இருவருக்கும் அவசரமாய்
வானத்தில் ஏதோ பார்க்க வேண்டியிருக்கும்.

வேலியோரம் நின்று
நாயிடம் சத்தமாகச் சொன்னேன்:
"பிடிக்க ஒரு ஆளு இருந்தா போதும்டா உனக்கு."

வாசல் விளக்கில் குடை தெரிந்தது.
வந்தார். என்னைப் பார்க்கவில்லை.
சம்மணமிட்டு, தோள் துண்டை மடித்து
அதன் வாயைச் சுற்றி
மூச்சு முட்டாமல் ஒரு கட்டு.
"அசையாத" என்றார்.
எனக்கும் சேர்த்தா, தெரியவில்லை.
நானும் அசையவில்லை.

உப்புப் போட்ட வெதுவெதுப்பான நீரில் கால்.
சேறு கரைந்து, மயிர் பிரிந்து,
உள்ளே இளஞ்சிவப்பாய்
குருணை அளவு உயிர்.
இத்தனூண்டுக்கா இத்தனை ரத்தம்.

நகவெட்டி வைத்ததும் உறுமிற்று மோட்டார்.
"அவங்க நிதானமாத்தான் வெட்டுவாங்க"
என்றார், நாயின் காதில்.
"அவரு பிடிச்ச பிடிய வுடமாட்டாரு, தெரிஞ்சதுதானே"
என்றேன், நானும் நாயிடமே.

டிக்.
ஒரு கத்தல், ஒரு உதறல்.
அவர் முழங்கையில் நகம் இழுத்த நீளக் கோடு.
ஒரு சிட்டிகை மைதா, மேலே பஞ்சு,
அதன் மேல் என் கட்டைவிரல்.
சுவர்க் கடிகாரத்தில் ஐந்து நிமிஷம்
நாயும் அவரும் நானும்
ஒருவர் மூச்சை ஒருவர் கேட்டுக்கொண்டு.
வெளியே தவளைகள் வழக்காடின.

கட்டுக்கு மேல்
மகனின் பழைய பள்ளிக்கூட சாக்ஸ்.
நக்காமலிருக்க
அடி வெட்டிய பெயிண்ட் வாளி கழுத்தில்.
அதைப் பார்த்து அவர் சிரித்துவிட்டார்,
உடனே இருமிச் சரிசெய்தார்.

காப்பி போடவா என்று கேட்கவில்லை.
முழங்கைக்கு மைதா வேண்டுமா என்றேன்.
"வேணாம்."
ஆறு வருஷத்தில் முதல் சொல்.
அதுவும் மறுப்பு மனுதான்.

கட்டு நனையக் கூடாதாம்.
இந்த ஊரில், ஐப்பசியில்,
எதை நனையாமல் வைப்பது?
தூற்றிக் குவித்த குறுவை நெல்லே
தார்ப்பாய்க்குள் முளைத்துக் கிடக்கிறது.
வெளியே போனால் காலுக்குப் பால் கவர்,
உள்ளே வந்ததும் உருவி, துடைத்து, வேறு துணி.
தினம் ஆறு மணிக்கு
வேலியில் ஒரு செருமல்:
பிடிக்க ஆள் வந்தாயிற்று.

எட்டாம் நாள் கட்டு தேவைப்படவில்லை.
ஆறு மணிக்குச் செருமலும் இல்லை.
மோட்டார் மட்டும் வேலிப் பக்கம் போய்
வாளியோடு கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தது.

மறுநாள் வயலுக்குப் போனேன்.
நீல வலையின் அடிவிளிம்பை
நெடுக ஒரு சாண் தூக்கிக் கட்டியிருந்தது,
நாய் குனிந்து நுழையும் அளவு.
வரப்பு
அதே இடத்தில்தான்.

நகம் முழுசாய் வளர மூன்று மாசம் ஆகுமாம்.
தைக் கடைசி.
வாய்தாவும் அப்போதுதான்.