கட்டியாச்சு

மூன்று நாளாய் இரண்டாம் கவுண்டரில்
உன் கதிரை மேசைக்குள் தள்ளியபடி.
ஏசிக் குளிருக்கு நீ போடும் சுவெட்டர்
தோள்கள் இல்லாமல் அதில் தொங்குகிறது.

"எங்க அந்தப் பிள்ளை?" என்று கேட்பவர்களுக்கு
"லீவு" என்கிறேன்.
அந்த ஒரு சொல்லுக்குள்
உன் வாப்பாவின் அசையாத பாதி உடம்பை
மடித்து வைத்துவிடுகிறேன்.

பெரியவர் "ஆண்டவன் விட்ட வழி" என்றார்.
ஸ்டோர்ஸ் குலவீரசிங்கம்
தன் மாமனுக்கும் இதே வருத்தம்தான்,
இப்ப சைக்கிள் ஓடுறார் என்றார்.
தேநீர் ஆறும்வரை யோசித்துவிட்டு
அது வேற மாமன் என்றார்.

நான் போனில் எழுதினேன், அழித்தேன்,
எழுதினேன்.
நான் எழுதிக்கொண்டிருப்பதை உன் திரை
காட்டிக் காட்டி மறைத்திருக்கும், றிஸ்மியா.
கடைசியில் உன்னிடம் வந்து சேர்ந்தது இவ்வளவுதான்:
"சாப்பிட்டியா?"
நீ அனுப்பினாய்: "பணிஸ்."

காசு எண்ணி முடித்து, பெட்டகம் பூட்டி,
ஆட்டோவில் ஏறி, அனுராதபுரச் சந்தி தாண்டும்வரை
ஒரு வசனத்தை வாய்க்குள் உருட்டினேன்.
வீதிக்குக் குறுக்கே ஒரு புள்ளிமான் நின்று
யாரோ எறிந்த பத்திரிகையை மென்றது.
ஆட்டோக்காரர் ஹோர்ன் அடித்தார்.
மானும் போகவில்லை,
என் வசனமும் முடியவில்லை.

குழாய் வழியே கஞ்சி இறங்கும் மனிதருக்கு
நான் கொண்டுபோனது மாரி பிஸ்கட்.
அதை நீ வாங்கி
வெகு கவனமாக அலுமாரிக்குள் வைத்தாய்,
அது தேவைப்பட்ட பொருள்தான் என்பதுபோல.

கழுத்தில் அடையாள அட்டை கிடந்ததை
நான் மறந்துபோனேன்.
சபையின் நீல நாடா.
அவர் அதைத்தான் பார்த்தார்.
சரிந்த வாயின் நல்ல பக்கத்தால்,
"தண்ணி வெட்டவா வந்தீங்க, மகள்?"

"வாப்பா, இது என்ட கூட்டாளி" என்றாய்.
அவர் கேட்கவில்லை.
உயிருள்ள கை கட்டில் கம்பியைப் பிடித்திருந்தது,
யாரோ கழற்றிக்கொண்டு போகப்போகும் மீட்டரைப்போல.

நான் குனிந்தேன்.
ஆறுதல் எதுவும் வாயில் இல்லை.
நாளுக்கு இருநூறு பேருக்குச் சொல்லும்
அதே கவுண்டர்க் குரலில் சொன்னேன்:
"கட்டியாச்சு வாப்பா.
ஒரு சதமும் நிலுவை இல்ல.
ரசீது மகளிட்ட இருக்கு."

கை கம்பியை விட்டது.
நீ ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாய்.
உன் தோள் குலுங்கியது.
சிரிப்பா என்று தெரியவில்லை,
கேட்கவும் இல்லை.
துறைமுகத்தில் ஏதோ கப்பல்
நீளமாக ஒருமுறை ஊதியது.

பொய்யாக இருந்தால்?
இரவு முழுக்க அதே நினைப்பு.
விடிந்ததும் ஜமாலியா வீட்டுக் கணக்கைத் திறந்தேன்.
உள்ளே மகள் இருக்க, வெளியே வரிசையில் நின்று
ஒவ்வொரு மாதமும் பத்தாம் திகதிக்கு முன்னால்
முழுத் தாளாகக் கொடுத்துவிட்டு
மிச்சத்தை 'அதிலயே போடுங்க' என்கிற மனிதர்.
வரவு: முந்நூற்றுப் பன்னிரண்டு ரூபாய் நாற்பது சதம்.
நாங்கள்தான் அவருக்குக் கொடுக்கவேண்டும்.

அச்செடுத்து நாலாய் மடித்து
உன் சுவெட்டர் பைக்குள் வைத்திருக்கிறேன்.

நீ வரும் நாள் எனக்குத் தெரியாது.
எந்த முகத்தோடு வருவாய் என்பதும்.
அன்றைக்கும் நான் ஏதாவது உளறுவேன்,
இப்போதே பொறுத்துக்கொள்.
இன்று உன் வரிசையும் என் முன்னால்தான் நின்றது.
மாலைக் கணக்கில் இருபது ரூபாய் குறைந்தது.
யாருடைய பிழை என்று தேடவில்லை.
என் பையிலிருந்து போட்டுவிட்டு
விளக்கை அணைத்தேன்.