பத்தாம் மாதப் படம்

பகாவ் பஸ் நிலையத்தில்
ஸ்கேன் படத்தை வெயிலுக்கு நேரே பிடிக்கிறாள் தவமணி.
ரத்தக்குழாய் முடிச்சைச் சுற்றி வெள்ளை.
போன தடவை இது இல்லை.

"வீக்கம்தான். கதிர் வேலை செய்கிறது
என்றும் சொல்லலாம்"
என்றார் டாக்டர் ஹஸ்லினா.
அந்த 'லாம்'
கோலாலம்பூரிலிருந்து எங்களோடு வந்தது,
டிக்கெட் எடுக்காமல்.

வலிப்பு வந்த நாளிலிருந்து
லோரிச் சாவி ஆணியில்.
என் செம்பனைக் குலைகளை
சுகுமாறன் ஆலைக்கு ஏற்றிப் போகிறான்.
பிரேக் அவனுக்குப் பழகவில்லை.

கத்தி படாத இடத்தில்
ஏதோ மெல்ல மூடிக்கொண்டிருக்கிறது.
மூடும்போது வீங்குமாம்.

இடக்கையில் கோப்பி கிளாஸ்.
சட்டையில் கொஞ்சம் சிந்துகிறது.

தவமணி துடைக்கவில்லை.
"நேத்து இதைவிட அதிகம் சிந்துச்சு" என்கிறாள்.
கணக்கு வைத்திருக்கிறாள் போல.