இருப்புக்கு வராத குடை

களியக்காவிளையில் ஷட்டரை முக்கால்வாசி இறக்கிவிட்டு
எண்ணத் தொடங்கினோம்.
பால்பவுடர் டப்பா, கம்ப்யூட்டரில் நாற்பத்தொன்று.
கைக்கு முப்பத்தேழு.
அனிஷா மறுபடி எண்ணினாள், மலையாளத்தில்.
அதிலும் முப்பத்தேழுதான்.

நாகர்கோவில் ஆடிட்டர் போன வருஷமே
இதற்குச் சுருக்கம் என்று பெயர் சொல்லிவிட்டுப் போனார்.
முதலாளி ஏசுவடியானுக்கு அந்தச் சொல் பிடிக்கவில்லை.
அவர் அப்பா ரப்பர் ஷீட் வாங்கி விற்றவர்.
"ஷீட் காய்ஞ்சா வெள்ளம் வத்தும், எடை குறையும், சரி.
டப்பா எப்பிடி டே வத்தும்?"

எலிக்குக் கொஞ்சம்.
தேதி கடந்ததற்குக் கொஞ்சம்.
பன்னிரண்டு என்று எழுதிய பெட்டியில் பதினொன்று,
பிரித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டது நான்தான்,
லாரிக்காரன் அவசரப்படுத்தினான், எனக்குப் பசி.
பில்லிங்கில் ஜஸ்லின் ஒரே சோப்பை மூன்று முறை அடித்து
மூன்று மணத்தை அனுப்பியிருக்கிறான்.
மல்லிகை மிச்சம், சந்தனம் குறைவு.

மீதி, கைகள்.
காமிரா நான்கு. மூன்றாவதற்கு ஒயரே கிடையாது.
அது தெரிந்தவர்கள்
மூன்றாம் வரிசையில் நிதானமாக நடப்பார்கள்.
இடவப்பாதி தொடங்கிவிட்டால் காமிராவும் வேண்டாம்,
மடக்கிய குடைக்கு ஒரு வயிறு இருக்கிறது.

ஜூனில் ஒரு செவ்வாய்க்கிழமை அவள் வந்தாள்.
பருப்பு, வெளிச்செண்ணெய், அரைக்கிலோ வெல்லம்,
எல்லாவற்றுக்கும் பில் போட்டாள்.
வாசலில் மழை.
பழக்கம், குடையை விரித்துவிட்டாள்.
தலைச்சாயம் இரண்டு பாக்கெட், தைலக்குப்பி ஒன்று
அவள் தலைமேலேயே பெய்தன.
குப்பி உருண்டு
வாட்ச்மேன் சசிதரன் காலடியில் போய் நின்றது.

போட்டோ எடு, சுவரில் ஒட்டு, ஸ்டேஷனுக்கு விளி
என்று முதலாளி உள்ளிருந்தே சத்தம் போட்டார்.
நான் சொன்னேன், யாரும் கை வைக்கக் கூடாது.
ஒரு நாற்காலி. அனிஷா கூட நிற்கட்டும்.
கதவு திறந்தே இருக்கட்டும்.
"இதுக்கும் பில் போடட்டா?"
"போடு."
நூற்றி எழுபத்தெட்டு.
சில்லறை பிசகாமல் எண்ணி வைத்தாள்.
பையில் இன்னும் நோட்டுகள் இருந்தன.
அதுதான் இன்றைக்கும் எனக்கு வெளங்கல.

குடையை எடுக்காமல் இறங்கினாள்.
இஞ்சிவிளைப் பக்கம், நனைந்தபடி,
ஓடவில்லை.
மூன்று மடிப்பு, நீலம்,
நம் கடை விலைக்கு நானூற்றைம்பது.

மறுநாளே வாசலில் வாளி வைத்தோம்.
ஒன்றிலிருந்து அறுபது வரை டோக்கன்.
ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர்
குடையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கேட்டார்,
"அப்போ ஞான் கள்ளனோ?"
பதில் இல்லை. ஏழாம் நம்பரை நீட்டினேன்.
முதல் வாரத்திலேயே
வாளியிலிருந்து இரண்டு குடை களவு போயிற்று.
ஒன்று என்னுடையது.

இப்போது மணி ஒன்றரை.
எண்ணை முடித்தோம், பொடியை முடித்தோம்,
கடைசியில் வாளிக்கு வந்தோம்.
டோக்கன் இல்லாமல் அது மட்டும் கிடக்கிறது.
அனிஷா விளையாட்டாக ஸ்கேனரைக் கைப்பிடியில் காட்டினாள்.
சிவப்பு வெளிச்சம் வழுக்கிப் போனது, சத்தம் வரவில்லை.
"விஜிலாக்கா, இதை எதுல எழுத?"
"எழுதாண்டாம்" என்றார் முதலாளி.

வெளியே பிடித்துக்கொண்டது.
எங்கள் மூன்று பேரிடமும் குடை இல்லை.
ஷட்டருக்கு அடியில், வாளியைப் பார்க்காமல்,
மழை விடுவதற்காக நின்றிருந்தோம்.