பதில் வராத முப்பது வினாடி

பத்து ஐம்பத்தெட்டுக்குப் போன் அடித்தது.
பாயான் லெப்பாஸில் மழை என்றான் காவலாளி தீபேந்திரா,
கேட்டில் நானூறு பேர் என்றான்,
விளக்கு சிவப்பும் இல்லை பச்சையும் இல்லை மேடம்,
மஞ்சள். மஞ்சளாகவே இருக்கிறது.

குளுகோர் ஃபிளாட்டின் பதினான்காம் மாடியில்
மடிக்கணினியைத் திறந்தேன்.
பாதி தின்ற மீ கோரெங் ஓரமாய் நகர்ந்தது.

எங்கள் சர்வருக்கு ஒரே வேலை.
யாராவது அட்டையை நீட்டினால்
உள்ளே திரும்பி டேட்டாபேஸிடம் கேட்கும்:
இவரைத் தெரியுமா?
தெரியும் என்றால் கதவு. தெரியாது என்றால் சுவர்.
இந்த இரண்டு சொற்களுக்குத்தான்
அதற்கு வாய் வைத்தேன்.
கேட்ட பிறகு எதிர்ப்பக்கம்
பேசாமலே இருந்துவிடலாம் என்பதை
யோசிக்கவில்லை.

செத்துப்போயிருந்தால் தெரிந்திருக்கும்.
செத்தது உடனே சொல்லிவிடும், இணைப்பு இல்லை என்று.
இது உயிரோடுதான் இருந்தது.
கூப்பிட்டால் ம் என்றது.
கேள்வி கேட்டால் மௌனம்.

முப்பது வினாடி காத்திரு என்று
எந்தக் காலத்திலோ யாரோ எழுதிவைத்த வரி.
வாசல் கருவிக்கோ ஐந்து வினாடிதான் பொறுமை;
அது மறுபடி கேட்டது, மறுபடி,
ஒரே அட்டைக்கு ஆறு கேள்விகள் வரிசையில் நின்றன.
இருந்த நாற்பது இணைப்புகளும் காத்துக் கிடக்க
நாற்பத்தோராவது ஆளின் கேள்வியைத்
தூக்கிப்போகக் கையில்லை.
நனைந்தவர்கள் அட்டையைச் சட்டையில் துடைத்துத்
திரும்பத் திரும்ப வைத்தார்களாம்,
தப்பு தங்கள் விரலில் என்பதுபோல.

என்னிடம் சாவி இருக்கிறது, திறக்கட்டுமா என்றான்.
விதிப்படி கூடாது என்றேன்.
கூரை கேட் வரைக்கும் வராது என்பது
எனக்கும் தெரியும்.

காரணம் பிறகு கிடைத்தது:
கணக்குப் பிரிவில் ஒருவர்
மாதக் கடைசி அறிக்கையை ஓடவிட்டுவிட்டு
வீட்டுக்குப் போயிருந்தார்.

முப்பதை அழித்து இரண்டு என்று எழுதினேன்.
மூன்று முறை பேசாவிட்டால் இறந்ததாக வை.
கோலாலம்பூரில் இருக்கும் நகலைக் கேள்.
கொஞ்ச நேரத்துக்கு முதலாவதன் பக்கம் திரும்பாதே,
ஒரு தடவை ம் சொன்னதற்காக ஓடிப்போகாதே.
(கடைசி வரியை எழுதும்போது
சர்வரை மட்டும் நினைக்கவில்லை. போகட்டும்.)

பதினொன்று ஒன்பதுக்குப் பச்சை.
பச்சை, பச்சை, பச்சை.
தீபேந்திரா போனை வாசலுக்கு நேரே பிடித்தான்,
கம்பிகள் சுழலும் டக் டக் கேட்டுக்கொண்டே
ஆறிய மீயைத் தின்றேன்.

ஆனால் கோலாலம்பூருக்கு எதுவும் பிந்தித்தான் தெரியும்.
அன்றிரவு அதன் உலகம்
பத்து முப்பத்திரண்டோடு நின்றிருந்தது.

பத்து நாற்பதுக்கு வேலையிலிருந்து நீக்கப்பட்ட
லாய் பூன் கியாட்
கூட்டத்தோடு உள்ளே போனார்.
லாக்கரிலிருந்து ஒரு ஜோடிக் காலணி, ஒரு ஃபிளாஸ்க்.
ஏழு நிமிடத்தில் வெளியே வந்துவிட்டார்.

பத்து நாற்பத்தைந்துக்குப் பதிவான யோகமலர்,
நிபோங் திபாலிலிருந்து கம்பெனி பஸ்ஸில் வந்தவள்,
அச்சடித்த சூடு அப்போதுதான் ஆறியிருந்த அட்டை,
வைத்தாள்.
சிவப்பு.
இப்படி ஒருவர் இல்லை.
முதலாவது விழிக்கும்வரை
இருபத்தாறு நிமிடம் நின்றாள்.

காலைக் கூட்டத்தில் வாசித்தேன்:
தவறான அனுமதி, ஒன்று.
தவறான மறுப்பு, ஒன்று.
மேலாளர் ஹஸ்லிண்டா அனுமதியைப் பற்றியே
முக்கால் மணி நேரம் கேட்டார்.
காலணி யாருடையது என்றுகூடக் கேட்டார்.

அன்று மாலை ஒரு வரி சேர்த்தேன்:
நகல் இல்லை என்று சொன்னால் உடனே நம்பாதே.
மஞ்சளைக் காட்டு, காவலாளியைக் கூப்பிடு.

யோகமலரின் முதல் நாள் கூலியில்
முப்பத்தைந்து நிமிடம் கழிந்திருக்கிறது.
போய்ப் பார்த்தேன்.
அது வேறு டேபிள்.
வாசிக்கலாம்.
எழுத எனக்கு உரிமை இல்லை.